எக்லின்டன் வீதியின் வாடகைக்காரர்கள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அந்தத் தீவுகளின் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய நகரங்களில் ஒன்று கனடாவின் டொரான்டோ. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மை ஜமைக்கா வழியினர் என்று பதிந்துகொண்டவர்கள் கனடாவில் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் டொரான்டோ பெருநகரில் வாழ்கிறார்கள். 1967இல் கனடாவின் நூற்றாண்டு விழாவுக்குக் கரீபியச் சமூகம் தந்த அன்பளிப்பாகத் தொடங்கியது கரிபானா திருவிழா. ஒவ்வொரு கோடையிலும் அதன் ஊர்வலம் ஏரிக்கரைச் சாலையை நிறைக்கிறது. அதனால் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன் 40 கோடி டாலருக்கு மேல் என்று 2009இல் செய்த ஆய்வு கணக்கிட்டது. நகரமும் அந்த விழாவைத் தன் பெருமையாகவே விளம்பரப்படுத்துகிறது. ஆனால் அதே மக்கள் ஆண்டு முழுவதும் கூடும் வீதியைக் காப்பாற்ற அந்நகரம் தவறிவிட்டது. ஒரு சமூகத்தை மதிப்பதென்றால், அது காலூன்றிய மண்ணில் அதற்கு உரிமை கிடைக்கச் செய்ய வேண்டும். ஊர்வலத்துக்குச் சாலையை ஒருநாள் ஒழித்துக் கொடுத்தால் போதாது.

கீல் சாலைக்கும் ஆலன் சாலைக்கும் இடைப்பட்ட எக்லின்டன் மேற்கு வீதியைக் ‘குட்டி ஜமைக்கா’ என்கிறார்கள். இந்தக் குடியேற்றத்துக்குப் பெண்களே வழி திறந்தார்கள். 1955இல் கனடா ஒரு திட்டம் கொண்டுவந்தது: முதலில் ஜமைக்காவிலும் பார்படோஸிலும் இருந்து 18 முதல் 35 வயது வரையான, மணமாகாத, பிள்ளை இல்லாத பெண்கள் வீட்டு வேலைக்கு வரலாம், ஓராண்டு உழைத்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழியுண்டு. 1967 வரை சுமார் 3,000 பேர் வந்தார்கள். கிரெனடாவிலிருந்து 1960இல் அப்படி வந்த ஜீன் அகஸ்டின், 1993இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஆனார். பிள்ளை இல்லாதவளுக்கே இடம் என்ற நிபந்தனையால், பெற்ற பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு, இல்லை என்று எழுதிக் கொடுத்து வந்தவர்களும் உண்டு. அதைக் காரணம் காட்டி 1970களில் ஏழு ஜமைக்கத் தாய்மாரை நாடு கடத்த உத்தரவிட்டார்கள். பெரும் போராட்டத்துக்குப் பிறகே அவர்கள் தங்க முடிந்தது.

அந்தப் பிரிவின் சுவடு எக்லின்டன் கடை வாசல்களில் நிற்கிறது. இடுப்புயர அட்டைப் பீப்பாய்கள். அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிக் காலணி, டின் மீன் என்று வாரக்கணக்கில் சேர்த்து, மேலே ஏறி மிதிக்காத குறையாக அமுக்கி, மூடியில் இரும்பு வளையம் பூட்டி ஊருக்குக் கப்பலில் அனுப்புவார்கள். தாயை விட அவள் அனுப்பும் பீப்பாயை அதிகம் பார்த்து வளர்ந்தவர்களை ஜமைக்காவில் ‘பீப்பாய்ப் பிள்ளைகள்’ என்றே சொல்வார்கள். முடி திருத்தும் கடை, ரெகே இசைத்தட்டுக் கடை, இறைச்சி பொதிந்த பாட்டீஸ் விற்கும் பேக்கரி எல்லாம் அந்தப் பீப்பாய்க் கடையைச் சுற்றி வளர்ந்தவை. அந்தப் பாட்டீஸுக்காகவும் சண்டை நடந்தது. சட்டப்படி ‘பீஃப் பாட்டீஸ்’ என்பது மாவு சேராத இறைச்சித் துண்டு மட்டுமே, பெயரை மாற்றுங்கள் என்று 1985இல் மத்திய அரசு அதிகாரிகள் கெடுபிடி செய்தார்கள். கடைக்காரர்கள் மசியவில்லை. ‘ஜமைக்கன் பாட்டீஸ்’ என்று போடலாம் என்ற உடன்பாட்டில்தான் அது ஓய்ந்தது.

பெயரைக் காத்தவர்களால் இடத்தைக் காக்க முடியவில்லை. 1994இல் இந்த வீதியில் சுரங்க ரயிலுக்குக் குழி தோண்டினார்கள். அடுத்த ஆண்டே மாகாண ஆட்சி மாறியது. புதிய முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு திட்டத்தைக் கைவிட்டுக் குழியை மூடியது. 2011இல் மீண்டும் தோண்டினார்கள். 2020இல் ஓட வேண்டிய ரயில் அந்த ஆண்டும் ஓடவில்லை, அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் ஓடவில்லை. தடுப்பு வேலிக்குப் பின்னால் கடைகள் மறைந்தன. வண்டி நிறுத்த இடமில்லை. வாடிக்கையாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். கடைக்காரர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். வியாபாரம் படுத்த காலத்தின் நட்டம் அவர்களுடையது. ரயிலால் ஏறும் மனை மதிப்பின் லாபம் கட்டட உரிமையாளருடையது.

ரயில் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் பேருந்து மாறி மாறிப் போகிறவர்களில் இந்தச் சமூகத்தவர் ஏராளம். நான் கேட்பது, பொதுநன்மைக்கான செலவை ஒரு வீதியின் தலையில் மட்டும் ஏன் கட்டினார்கள் என்பதே. இன்னொரு வாதம் கனமானது: ஊர்கள் மாறுவது இயல்பு, செயின்ட் கிளேர் வீதியிலிருந்து இத்தாலியர்களும் புறநகருக்குப் போகவில்லையா? போனார்கள். ஆனால் அவர்களில் பலர் சொந்த வீட்டை நல்ல விலைக்கு விற்றுப் போனார்கள். வாடகைக்காரர் போகும்போது கையில் சாவி கூட மிஞ்சாது. பிராம்ப்டன், ஏஜாக்ஸ், ஸ்கார்பரோ என்று சமூகமே சிதறிவிட்ட பிறகு ஒரு வீதி எதற்கு என்போரும் உண்டு. சிதறியதால்தான் வேண்டும். இத்தனை பரந்த நகரில் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க முடியாதவர்கள் சந்திக்க ஓர் இடம் தேவை. ஸ்கார்பரோவில் வாடகைக் கடைகளை நம்பி ஊர் அமைத்த ஈழத்தமிழருக்கு இது விளக்காமலே புரியும்.

வழி தெரியாத காரியமும் இல்லை. டொரான்டோவின் பார்க்டேலிலும் கென்சிங்டன் சந்தையிலும் குடியிருப்போர் சமூக நில அறக்கட்டளைகள் அமைத்துக் கட்டடங்களை வாங்கியிருக்கிறார்கள். அறக்கட்டளையின் கையில் உள்ள கட்டடம் ஊக வணிகத்துக்குப் போகாது. வாடகையும் தாறுமாறாக ஏறாது. எக்லின்டனில் அப்படிக் கட்டடங்களை வாங்க மாகாண அரசும் நகராட்சியும் முதல் பணம் போட வேண்டும். பீப்பாய்க் கடையும் பேக்கரியும் இன்னும் திறந்திருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.