சுராங்கனி யாரோட பாட்டு?

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு காலேஜ் பஸ்ஸில் வர்றீங்களா? கடைசி சீட்டு கச்சேரியில் என்னைக்காவது 'சுராங்கனி' வந்திருக்கும். சீட்டைத் தட்டி, தட்டி கை சிவந்திருக்கும். ஆனா அது யார் பாட்டுன்னு கேட்டா... "ஏதோ படத்துல வருமே மச்சி!"

படத்துல வந்தது உண்மைதான். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா அதைப் பயன்படுத்தினார். ஆனா அதுக்கு முன்னாடியே இலங்கையில் அந்தப் பாட்டைப் பாடி ஊரையே ஆட வெச்சவர் ஏ.ஈ.மனோகரன். நம்ம ஊர்க்காரங்களுக்கு 'சிலோன் மனோகர்'.

கொஞ்சம் லண்டன் பக்கம் போயிட்டு வருவோம். 1956-ல் லானி டொனகன் பாடிய ஒரு ரயில் பாட்டு அங்கே ஹிட். இசைக்கு 'ஸ்கிஃபிள்'னு பேரு. ஒரு கிடார், துணி துவைக்கிற தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு கயிறு கட்டினா பேஸ் ரெடி. காசில்லாத பசங்க தெருவுக்குத் தெரு குரூப் ஆரம்பிச்சாங்க. ரெண்டு, மூணு வருஷத்துல அலை ஓய்ஞ்சு போச்சு. ஆனா லிவர்பூலில் அப்படி ஒரு ஸ்கூல் பையன் ஆரம்பிச்ச குரூப்தான் பின்னாடி பீட்டில்ஸ் ஆச்சு. பையன் பேரு ஜான் லெனான்.

இலங்கையில் 60-களின் கடைசியிலும் 70-களிலும் தமிழில் இதே மாதிரி ஒரு அலை. 'பொப்பிசை'ம்பாங்க. (நமக்கு 'பாப்', அவங்களுக்கு 'பொப்'. கேட்கவே அழகா இல்ல?) போர்ச்சுக்கீசியர் காலத்து பைலா தாளம், ஒரு கிடார், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' கேட்டுப் பாருங்க. ஹீரோ இல்ல, ஹீரோயின் இல்ல, டூயட் இல்ல. பக்கத்து வீட்டுப் பேச்சே பாட்டு! சினிமாவை நம்பாம தமிழில் ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடினது சாதாரண விஷயமா? இலங்கை வானொலி கடல் தாண்டி நம்ம டீக்கடை வரைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்துச்சு. உங்க வீட்டுல தாத்தாவைக் கேளுங்க, சொல்லுவார்.

ஸ்கிஃபிளை அடுத்த ஃபேஷன் வந்து ஓரங்கட்டுச்சு. பொப்பிசைக்கு நடந்தது அப்படி இல்ல. சினிமாப் பாட்டோட போட்டி எப்பவும் இருந்ததுதான். ஆனா 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் கடை, வீடு, ஊர் எல்லாம் விட்டுட்டு ஜனங்க கிளம்பினாங்க. பாடினவங்க ஒரு நாட்டில், கேட்டவங்க பத்து நாட்டில். போர் நடக்கிற ஊரில் ராத்திரி மேடை போட்டு யார் ஆடுவாங்க? நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் சென்னைக்கு வந்து படங்களில் நடிச்சார், பெரும்பாலும் அடியாள், வில்லன். அவ்வளவு நல்ல பாடகனுக்கு நாம கொடுத்த வேலை அது!

2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

புலம்பெயர்ந்தவங்க வீட்டுக் கல்யாணங்களில் அந்தப் பாட்டுகள் இன்னும் ஒலிக்குது. நம்ம கல்ச்சுரல்ஸிலும்தான். அடுத்த தடவை மேடையில் 'சுராங்கனி' எடுத்தா, அறிவிக்கிறவங்க 'படம்: அவர் எனக்கே சொந்தம்'னு மட்டும் சொல்லி நிறுத்தாம, மனோகரன் பேரையும் மைக்கில் சொல்லிடுங்க ப்ளீஸ்.