ஒரே தோஹா, ஒரே 800 மீட்டர்... ஆனால் ஒரே கதையா? விளையாட்டுச் செய்திகளில் விடுபடுவது என்ன?

ஒரு விளையாட்டுச் செய்தியின் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அதைப் படிப்பவர் தப்பான முடிவுக்கு வர வாய்ப்பு உண்டு. காரணம், முக்கியமான ஒரு தகவல் அதில் விடுபட்டிருக்கும்.

இதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூரில் இருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 50 கி.மீ. போனால் திருச்சி. அந்த மாவட்டத்தில் உள்ள முடிகண்டம், கோமதி மாரிமுத்துவின் ஊர். இன்னும் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கத்தக்குறிச்சி, சாந்தி சௌந்தரராஜனின் ஊர்.

இருவருமே 800 மீட்டர் ஓட்ட வீராங்கனைகள். இருவருமே கத்தார் தலைநகர் தோஹாவில் நடந்த ஆசிய அளவிலான போட்டிகளில் பதக்கம் வென்று, பிறகு அதை இழந்தவர்கள். 'பதக்கம் பறிபோன தமிழக வீராங்கனைகள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால், இருவருக்கும் நடந்தது வேறு வேறு.

சாந்திக்கு நடந்தது என்ன?

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. சாந்தி வெள்ளி வென்றார். அதன்பின் நடந்த பாலினப் பரிசோதனையை வைத்து அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ விவரம் உலகம் முழுக்க செய்தியானது.

'சோதனையில் தோல்வி' என்று மட்டும் படித்தால் ஊக்கமருந்து விவகாரம் என்றே தோன்றும். ஆனால் சாந்தி எந்த மருந்தும் எடுத்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. இயற்கையான உடல்வாகு பற்றிய சோதனை அது. எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயப் பாலினப் பரிசோதனை நடத்தும் வழக்கத்தை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே கைவிட்டிருந்தது. இந்தப் பின்னணி தெரியாமல் படிப்பவருக்கு, சாந்தி ஏதோ ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றும்.

2014-ல் ஒடிசா வீராங்கனை டூட்டி சந்தும் ஹார்மோன் அளவு தொடர்பான விதியால் காமன்வெல்த் போட்டி அணியில் இருந்து நீக்கப்பட்டார். அவர் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-ல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. டூட்டி மீண்டும் ஓடி, 2018 ஆசிய விளையாட்டில் 2 வெள்ளி வென்றார். சாந்திக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை. 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி கிடைத்தது. பதக்கம் திரும்பி வரவில்லை.

கோமதி விவகாரம் என்ன?

2019 ஏப்ரல், அதே தோஹா. ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பில் 2 நிமிடம் 2.70 விநாடிகளில் ஓடி கோமதி தங்கம் வென்றார். குடும்ப வறுமையும் அப்பா பட்ட கஷ்டமும் தலைப்புச் செய்தியாகின. 2013, 2015 ஆசிய சாம்பியன்ஷிப்களிலும் அவர் ஓடியிருந்தார் என்ற தகவல் பின்னால் போய்விட்டது.

பிறகு ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால் 4 ஆண்டு தடை. தங்கமும் போனது. தெரிந்தே எதையும் எடுக்கவில்லை என்பது அவர் தரப்பு.

இங்கேயும் ஒரு கேள்வி விடுபட்டது. 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையிலேயே அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டது. முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் தோஹாவுக்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று இந்தியத் தடகள சம்மேளனத் தரப்பு அப்போது குறைபட்டது. 'கோமதி சிக்கினார்' என்ற தலைப்பில் இந்தத் தாமதத்துக்கு இடமில்லை. தவறு ஒருவர் தலையில் மட்டும் விழுந்தது, அமைப்பின் பொறுப்பு பேசப்படவில்லை.

புகழும்போதும் சாய்வு வருமா?

வரும். அரியலூர் கார்த்தி செல்வம், 2022 ஆசிய கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராக 9-வது நிமிடத்தில் கோல் அடித்தார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவரைப் பற்றிய செய்தி 'ஏழை வீட்டுப் பிள்ளை' என்பதோடு நின்றுவிட்டால் ஆட்டம் காணாமல் போய்விடும். அந்த கோல் எப்படி வந்தது, எங்கே பயிற்சி எடுத்தார், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் செய்தியில் வராது.

செய்தி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

* எதற்காகத் தடை? மருந்தா, வயதுச் சான்றா, உடல் தொடர்பான விதியா?

* எந்தக் கட்டம்? முதற்கட்ட முடிவா, இறுதித் தீர்ப்பா? மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறதா?

* வீரரின் தரப்பு செய்தியில் இருக்கிறதா?

* பயிற்சியாளர், சம்மேளனம், சோதனை அமைப்பு பற்றி ஏதாவது இருக்கிறதா?

* இதே விஷயம் ஒரு கிரிக்கெட் ஸ்டாருக்கு நடந்திருந்தால் இதே வார்த்தையைப் போட்டிருப்பார்களா?

இதில் இரண்டு கேள்விக்காவது பதில் இல்லையென்றால், ஃபார்வேர்டு பண்ணும் முன் இன்னொரு செய்தியையும் படித்துவிடுவது நல்லது. பெரிய நட்சத்திரங்கள் மறுநாளே மைக் பிடித்து விளக்கம் சொல்லிவிடுவார்கள். கிராமத்தில் இருந்து ஓடி வந்த பெண்ணுக்கு அந்த மைக் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. முதலில் வந்த தலைப்புதான் ஊரில் அவர் பெயராக நின்றுவிடும்.