கைதட்டல் சரி, பாக்கி எங்கே?

ஜனவரியும் ஆகஸ்டும் வந்தால் போதும், டி.வி. சேனல்களுக்கு தேசபக்தி ஜுரம் கண்டுவிடும். மேடையில் மூவர்ண விளக்கு, புகை. முன்வரிசையில் மெடல் குத்திய முன்னாள் ராணுவத்தினர். பாடகர் உச்சஸ்தாயியில் இழுக்கும்போது கேமரா ஒரு பெரியவரின் கண்ணருகே போய் நிற்கும். கண்ணீர் வந்ததா? சபாஷ். உடனே சோப்பு விளம்பரம்.

பாட்டுப் பாடுவது தப்பா என்று சண்டைக்கு வராதீர்கள். பாட்டு தப்பில்லை. ஆனால், பி.காம். படித்த புத்தி. யார் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கச்சேரிகளுக்கெல்லாம் தாய்க் கச்சேரி 1963 ஜனவரி 27-ம் தேதி டெல்லியில் நடந்தது. சீனப் போரில் இறந்தவர்களை நினைத்து லதா மங்கேஷ்கர் 'ஏ மேரே வதன் கே லோகோ' பாடினார். நேரு கண்கலங்கினார் என்று இன்றுவரை சொல்கிறோம். சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று இருக்கிறது. பாட்டை எழுதிய கவி பிரதீப், அதன் ராயல்டி போர் விதவைகள் நிதிக்குப் போகட்டும் என்றார். போனதா? இசைத்தட்டு கம்பெனி முதலில் 10 லட்சம் ரூபாய் கட்டட்டும் என்று 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவு போடவேண்டி வந்தது. நடுவே 42 வருஷம்! அத்தனை வருஷமும் அந்தப் பாட்டு நம்மை அழவைத்தபடிதான் இருந்தது. 2022-ல் பாசறை திரும்பும் நிகழ்ச்சியிலும் அது ஒலித்தது. நாடே டி.வி.யில் பார்த்தது.

டெல்லியை விடுங்கள். எங்கள் நீலகிரிக்கு வாருங்கள். 1971 போரை ஜெயித்துக் கொடுத்த மானெக் ஷா குன்னூரில்தான் குடியிருந்தார். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, முழுச் சம்பளம் உண்டு. 1973-ல் அந்தப் பதவியைக் கொடுத்தவர்கள், சம்பள பாக்கியை 2007-ல்தான் கொடுத்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 2008 ஜூன் 27-ல் இறந்தார். இறுதிச் சடங்குக்கு ஜனாதிபதி வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர்கூட வரவில்லை. இணை அமைச்சர் வந்தார்.

பீல்டு மார்ஷலுக்கே இந்த கதி என்றால் சாதா சிப்பாய்க்கு? 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' பாக்கியைக் கொடுக்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவகாசம் கொடு, அவகாசம் கொடு என்று அரசாங்கம் திரும்பத் திரும்பப் போய் நின்றது. கடைசியில் 2023 மார்ச்சில், யாருக்கு எந்தத் தேதிக்குள் என்று நீதிமன்றமே கெடு வைத்தது. மேடையில் 'உங்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறோம்' என்று தொகுப்பாளினி உருகுகிறாரே, அது சத்தியமான வார்த்தை!

கீழ் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு முன்னாள் சிப்பாய்க்கு முட்டிவலி என்று வையுங்கள். வெலிங்டனில் இருக்கிற பாலிகிளினிக்குக்குப் போக, கோத்தகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அந்த வலி டி.வி.யில் தெரியாது. அதற்குப் பின்னணி இசையும் கிடையாது.

சேனல்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட உண்டியல் குலுக்கி, வசூலான காசுக்குக் கணக்கு ஒப்படைக்கிறார்கள். அடுத்த கச்சேரியில் நீங்களும் அதைச் செய்யுங்கள். விளம்பரத்தில் வந்தது இவ்வளவு, கொடிநாள் நிதிக்குக் கொடுத்தது இவ்வளவு என்று திரையின் அடியில் ஓடவிடுங்கள். சமையல் எண்ணெய் விலையெல்லாம் ஓடுகிற இடம்தானே!

அதுவரை அந்தப் பெரியவரின் கண்ணீரை க்ளோஸப்பில் காட்டாதீர்கள். அது அவருடையது. உங்கள் சரக்கு இல்லை.