பிங்க் ரிப்பன் குத்தினால் போதுமா? அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது யார்?

முகையூர்: அக்டோபர் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடம், கல்லூரி எங்கும் ஒரே பிங்க் மயம்தான். சட்டையில் ரிப்பன், கையில் தட்டி, தெருவில் ஊர்வலம். மார்பக புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று உலகம் முழுக்க நடக்கிறது. உண்டியல் குலுக்கி நிதி திரட்டும் மாணவ, மாணவிகளும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் ஊர்வலம் முடிந்து ரிப்பனை கழற்றிய பிறகு என்ன நடக்கிறது? விழுப்புரம் மாவட்டம் முகையூர் போன்ற கிராமப்புற ஒன்றியங்களில் கேட்க வேண்டிய கேள்வி இது.

98 ஆயிரம் பேர் பலி

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு புதிதாக மார்பக புற்றுநோய் வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தனர். நம் நாட்டு பெண்களை தாக்கும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம்.

இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்களை காப்பாற்றிவிடலாம். இங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் நோய் முற்றிய பிறகுதான் டாக்டரை பார்க்கிறார்கள். காரணம் என்ன? கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் பயமும் வராது. இன்னொன்று வெட்கம். "இதை போய் யார்கிட்ட சொல்றது?" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நாத்து நடவும், கரும்பு வெட்டவும் போகிற பெண்கள் ஏராளம்.

வாயை திறக்கும் பிள்ளைகள்

மாணவிகளின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியாள் வந்து மைக்கில் பேசினால் தலையை குனிந்துகொள்ளும் அம்மா, வயசுக்கு வந்த மகள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் பதில் சொல்வார். "ஏம்மா, மார்புலயோ அக்குள்லயோ கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுதா? தோல் குழி விழுந்திருக்கா? காம்பு உள்ளே இழுத்திருக்கா? ரத்தமோ நீரோ கசியுதா?" இந்த நாலு கேள்வி போதும். கட்டி என்றாலே கேன்சர் இல்லை, பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை என்பதையும் பிள்ளைகள் சேர்த்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பயத்திலேயே ஆஸ்பத்திரி பக்கம் போகமாட்டார்கள்.

அடுத்தது பரிசோதனை. 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பி.பி.யோடு மார்பகத்தையும் இலவசமாக பார்க்கிறார்கள். கையால் தொட்டு பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று அலட்சியம் வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998ல் தொடங்கி சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021ல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதை தாண்டியவர்களிடம் இந்த நோயால் ஏற்படும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

உண்டியல் காசு எதுக்கு?

சரி, மாணவர்கள் திரட்டும் காசை என்ன செய்வது? சின்ன காசுக்கும் பெரிய பலம் உண்டு. 1980ல் கனடாவில் கேன்சரால் ஒரு காலை இழந்த இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், செயற்கை காலோடு 143 நாள் ஓடி ஆளுக்கு ஒரு டாலர் கேட்டார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அவர் பெயரில் இன்றும் பள்ளி பிள்ளைகள் ஓடி நிதி திரட்டுகிறார்கள். நம்ம சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நன்கொடை திரட்டித்தான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கினார்.

அன்று ஆஸ்பத்திரி கட்ட காசு தேவைப்பட்டது. இன்று முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கின்றன. முதல்வர் காப்பீட்டு திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும்.

ஆனால் காப்பீடு தராத செலவும் இருக்கிறது. கட்டி என்று தெரிந்தால் ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசி போட்டு சதை எடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள் என்று அலைய வேண்டும். டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும் அன்றைய கூலி போச்சு. கூட வருகிறவர் கூலியும் போச்சு. சாப்பாட்டு செலவு வேறு. "அறுப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது இதனால்தான். அந்த தள்ளிப்போடலில்தான் கட்டி முற்றுகிறது.

பள்ளி உண்டியலில் ஒரு சில ஆயிரம் சேர்ந்தாலும், அது சில பெண்களின் அந்த மூன்று நாள் கூலியை ஈடுகட்டும். எங்கோ இருக்கும் பெரிய நிதிக்கு டி.டி. எடுத்து அனுப்புவதைவிட உள்ளூரில் உடனே பலன் தெரியும். வசூலுக்கு தலைமை ஆசிரியர் அனுமதி வேண்டும். வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். உதவி பெறும் பெண்ணின் பெயர் மட்டும் வெளியே வரவே கூடாது.

பள்ளி மேலாண்மை குழுவில் பாதி பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த கூட்டத்துக்கே கிராம சுகாதார செவிலியரை அழைத்துவிட்டால் வேலை சுலபம். வரும் அக்டோபரில் ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை அம்மாக்கள் பரிசோதனைக்கு போனார்கள் என்ற கணக்கையும் மாணவிகள் எழுதி வைக்கட்டும்.