ஜோடி ஆஸ் கையில் வந்தால்...



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "இளைஞர் கையில் இந்தியா", "நேரம் பொன் போன்றது" என்றெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள்! காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. நாங்கள் விடுதியில் ஆடுவது புளியங்கொட்டைக்கு. ஆனால் கொட்டை வைத்து ஆடினாலும் கணக்கு கணக்குதானே?

ரம்மி, மூணு சீட்டு தெரியாத ஆள் நம்ம பக்கம் கிடையாது. போக்கரில் 'ஹோல்டெம்' என்று ஒரு வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று எனத் திறப்பார்கள். ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்தவன் ஜெயித்தான். இதிலும் 'லிமிட்' ஆட்டம் என்றால் கட்டும் தொகைக்கு வரம்பு உண்டு. முதல் இரண்டு சுற்றில் 2 கொட்டை, பின் இரண்டு சுற்றில் 4 கொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றினாலும் அந்த அளவில்தான் ஏற்றலாம்.

இந்த ஆட்டத்தில் ஆரம்பக் கையிலேயே பெரிய கை ஜோடி ஆஸ். 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். அப்படி வந்ததும் தோற்றவன் சொல்வது எப்போதும் ஒரே வசனம்: "ஜோடி ஆஸ் வந்து என்னடா பிரயோஜனம்? எல்லாரும் உள்ளே வந்துடுறானுங்க, கடைசிச் சீட்டுல எவனாவது தூக்கிடுறான். இனிமே ஏத்தவே மாட்டேன்!"

இது தப்பு என்பதுதான் என் கட்சி. புலம்பல் தப்பில்லை, அதிலிருந்து எடுக்கும் முடிவு தப்பு.

எதிரில் ஒருவன் மட்டும் இருந்தால் ஜோடி ஆஸ் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். ஒன்பது பேரும் கடைசி வரை நின்றால் 31தான். அதாவது பத்துக்கு ஏழு தடவை தோல்வி! இதைப் பார்த்துத்தான் நம்மாள் பயப்படுகிறான். ஆனால் கொட்டையை எண்ணிப் பாருங்கள். ஒருவனோடு ஆளுக்கு 4 கட்டினால் நடுவில் 8. அதில் என் சராசரிப் பங்கு 6.8. போட்ட 4 போக லாபம் 2.8. பத்துப் பேரும் ஆளுக்கு 4 கட்டினால் நடுவில் 40. அதில் 31 சதவீதம் 12.4. போட்ட 4 போக 8.4. அடிக்கடி தோற்கிறேன், ஆனால் லாபம் மூன்று மடங்கு! ஏற்றாமல் 2 கொட்டையோடு விட்டிருந்தால் அதே பத்துப் பேரிடம் 4.2தான். பயந்தவன் பாதியைத் தரையில் விட்டுவிட்டுப் போகிறான்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பையன்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோலை லாட்டாகத்தானே வாங்குகிறார்கள்? முடிக்குள் இருப்பது அப்போது முழுசாகத் தெரியாது. சுண்ணாம்பில் போட்டு முடி எடுத்த பிறகுதான் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல் எல்லாம் பல்லை இளிக்கும். அதற்காக ஒரு தோலைத் தூக்கிக் காட்டி "இந்த லாட்டை வாங்கியதே தப்பு" என்று எந்த வியாபாரியாவது சொல்வாரா? மொத்த லாட்டும் என்ன விலைக்குப் போச்சு என்று பார்ப்பார். சீட்டாட்டத்திலும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடாது.

இன்னொன்று. டிவியில் காட்டுவது வரம்பில்லாத ஆட்டம். அமெரிக்காவில் 2003-ல் ஒரு கணக்கர் உலகப் போக்கர் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். பெயர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!). அந்த மாதிரி ஆட்டத்தில் இருப்பதையெல்லாம் தள்ளி எதிராளியை மிரட்டலாம். லிமிட்டில் மிரட்ட முடியாது. நாலு ஆர்ட்டின் சேர்த்தவன் ஐந்தாவதுக்காகக் காத்திருக்கிறான். இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டுமென்றால் நூற்றுக்கு 35 தடவை அவனுக்குக் கிடைக்கும். நடுவில் 40 கொட்டை கிடக்கும்போது 2 கொட்டைக்குப் பயந்து அவன் ஏன் எழுந்து போகப் போகிறான்? நாம் ஏற்றுவது அவனை விரட்ட அல்ல, கட்டணம் வசூலிக்க.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை ஏற்றுவதும் புத்திசாலித்தனம் இல்லை. நடுவில் நாலு ஆர்ட்டின் விழுந்து, நம் கையில் ஆர்ட்டின் ஆஸ் இல்லாமல், இரண்டு பேர் மாறி மாறி ஏற்றினால், கவிழ்த்துவிட வேண்டியதுதான், ரம்மியில் ஸ்கூட் போடுகிற மாதிரி. ஆஸுக்குக் கீழே உள்ள ஜோடிகளுக்கு இந்தக் கண்டம் சீக்கிரமே வரும். கையில் ஜோடி ராஜா இருந்தால், முதல் மூன்று சீட்டில் ஆஸ் விழ நூற்றுக்கு 23 தடவை வாய்ப்பு. ஜோடி ராணிக்கு மேலே ராஜாவோ ஆஸோ விழுவது 41 தடவை. ஜோடி ஜாக்கி என்றால் பாதிக்கும் மேல்!

சரி, இவ்வளவு கணக்கு இருக்கிறதே, அப்போது இது திறமை ஆட்டம்தானே என்று கேட்பீர்கள். கோர்ட்டும் இதைத்தான் பல காலமாக அலசுகிறது. 1968-ல் உச்ச நீதிமன்றம், ரம்மியில் பெருமளவு திறமை உண்டு, மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டுக்கும் அது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டம் நிறைவேற்றிவிட்டது.

"திறமைக்கு ஏன்டா தடை?" என்று நம் நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். எனக்குக் கொதிப்பில்லை. திறமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எப்போது தெரியும்? மேஜையில் மணிக்கு 30 கை ஆடினாலும் ஜோடி ஆஸ் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தாலும் பத்தில் ஏழு தடவை போய்விடும். நம் கணக்கு பலிக்க ஆயிரக்கணக்கான கை ஆட வேண்டும். அதற்குள் அப்ரண்டிஸ் உதவித்தொகை வாங்குகிற பையனின் மாசச் சம்பளம் எத்தனை தடவை காலியாகும்? சின்னத் தொகை ஆட்டத்தில் நம் லாபமும் சின்னது. அதிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் கம்பெனி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தது. "திறமை, திறமை" என்று விளம்பரம் செய்தவர்கள் இந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள்.

நான் சொன்ன 85-ம் 31-ம் சரியா என்று சந்தேகம் இருந்தால் நல்லது. ஜோடி ஆஸுக்கு எதிராக ஒரே ஒரு கையை வைத்துப் பார்த்தாலே நடுவில் 17 லட்சத்துக்கு மேற்பட்ட விதமாகச் சீட்டு விழலாம். கையால் போட முடியாது. கம்ப்யூட்டர் பிரிவுத் தோழர்கள் ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் லேபிலேயே ஒரு லட்சம் கை ஆடிப் பார்த்துவிடலாம். எதிரில் ஆளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், வருகிற விடையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். நானும் வந்து பார்க்கிறேன்.