வீடு சொந்தம், வழக்குக்கு மன்றம் இல்லை: அடுக்குமாடிச் சங்கங்களும் சட்டத்தின் இடைவெளியும்

புது தில்லி: வீடு வாங்குவோருக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் இடையே எழும் தகராறுகளைத் தீர்க்க நாடாளுமன்றம் 2016-ம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால், வீட்டைப் பெற்றுக் குடியேறிய பின்னர் உரிமையாளருக்கும் அவர் உறுப்பினராக உள்ள சங்கத்துக்கும் இடையே தகராறு எழுந்தால் அதைத் தீர்ப்பது யார் என்ற கேள்விக்கு அச் சட்டத்தில் விடை இல்லை. தில்லியை ஒட்டிய நொய்டா, காஜியாபாத், குருகிராம் நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தக் கேள்வி அன்றாடப் பிரச்னையாகிவிட்டது.

பராமரிப்புக் கட்டண உயர்வு, வரவு-செலவுக் கணக்கு, நிர்வாகிகள் தேர்தல், வாகனம் நிறுத்துமிடம், வாடகைதாரருக்கான நிபந்தனைகள், வளர்ப்பு நாய் எனத் தகராறுகளின் பட்டியல் நீளமானது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் வளாகத்தில் குடிநீர், மின்சாரம், மின்தூக்கி, காவல், துப்புரவு அனைத்தும் சங்கத்தின் பொறுப்பில் உள்ளன. நடைமுறையில் அது ஓர் உள்ளாட்சி அமைப்பாகவே இயங்குகிறது. ஆனால், உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தேர்தல் நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு இங்கு வேலையில்லை; அரசுத் தணிக்கையும் இல்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மசோதா 2013-ம் ஆண்டு மாநிலங்களவையில் அறிமுகமாகி, 2015-ல் அந்த அவையின் தேர்வுக் குழுவின் பரிசீலனைக்குச் சென்று, 2016 மார்ச் 10-ம் தேதி மாநிலங்களவையிலும் 15-ம் தேதி மக்களவையிலும் நிறைவேறியது. வீடுகளில் பெரும்பான்மை பதிவான 3 மாதங்களுக்குள் சங்கம் அமைய கட்டுமான நிறுவனம் வழிசெய்ய வேண்டும் என்கிறது 11-வது பிரிவு. அச் சங்கம் அமைவதில் வீடு பெறும் ஒவ்வொருவரும் பங்கேற்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. ஆனால், புகார்களைப் பற்றிக் கூறும் 31-வது பிரிவு, கட்டுமான நிறுவனம், வீடு ஒதுக்கீடு பெற்றவர், முகவர் ஆகிய மூவர் மீது மட்டுமே புகார் அளிக்க இடமளிக்கிறது. சங்கம் புகார் தரலாம். புகாருக்கு உள்ளாவோர் பட்டியலில் சங்கத்தின் பெயர் இல்லை. உறுப்பினராவதைக் கடமையாக்கிய சட்டம், அந்த உறுப்பினருக்குக் குறை நேர்ந்தால் முறையிடும் இடத்தைக் காட்டவில்லை.

எனவே, மாநிலச் சட்டங்களையே நாட வேண்டியுள்ளது. அவை ஒரே சீராக இல்லை. தில்லியில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமாக இருந்தால், 2003-ம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 70-வது பிரிவின்படி தகராறு பதிவாளர் வழியாக நடுவரிடம் செல்லும். மேல்முறையீட்டுக்குக் கூட்டுறவுத் தீர்ப்பாயம் உண்டு. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு நீதிமன்றங்களே உள்ளன. யமுனையைக் கடந்து நொய்டாவுக்குச் சென்றால் நிலைமை வேறு. உத்தரப் பிரதேச அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம், 2010-ன்கீழ் அமையும் உரிமையாளர் சங்கங்கள், 1860-ம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாகின்றன.

அந்தப் பழைய சட்டத்தில் உத்தரப் பிரதேசம் செய்துகொண்ட திருத்தத்தின் 25-வது பிரிவு கவனத்துக்குரியது. நிர்வாகிகள் தேர்தலைக் குறித்த தகராறை உரிய அதிகாரி விசாரிக்க வேண்டுமெனில், பதிவாளர் அதை அனுப்ப வேண்டும். அல்லது உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கினர் கேட்க வேண்டும். ஆயிரம் உறுப்பினர்கள் உள்ள வளாகமாயின் 250 பேர் திரள வேண்டும். தனியொருவர் பதிவாளரின் கதவைத் தட்டலாம். அவர் அசையாவிடில் எஞ்சுவது சிவில் நீதிமன்றம்தான். சில ஆயிரம் ரூபாய் கட்டணத் தகராறுக்காகப் பல ஆண்டுகள் வழக்காட எத்தனை பேர் முன்வருவர்?

சங்கத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. கட்டணம் செலுத்தாதோரின் சுமை, தவறாமல் செலுத்துவோர் மீதே விழுகிறது. காவலர் ஊதியமும் ஜெனரேட்டர் டீசலும் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டா. நிர்வாகிகள் பலர் ஊதியமின்றிப் பணியாற்றுவோர். இதை உணர்ந்தே மகாராஷ்டிரச் சட்டம், வீட்டுவசதிச் சங்கங்கள் பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் பெற்று நிலுவையைத் திரட்ட வழிசெய்துள்ளது. அத்தகைய எளிய வழி இல்லாத இடங்களில் சங்கங்கள் கையிலெடுக்கும் ஆயுதம் மின்சாரம்.

வளாகம் முழுவதற்கும் ஒரே மின் இணைப்பு பெற்று, வீடுகளுக்கு முன்கட்டண மீட்டர் மூலம் விநியோகிக்கும் முறை தலைநகர் வட்டாரத்தில் பரவலாக உள்ளது. அதே மீட்டரிலிருந்து பராமரிப்புக் கட்டணமும் கழிக்கப்படுமானால், கட்டணத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பவரின் வீடு இருளில் மூழ்கும் அபாயம் உள்ளது. மின்சாரம் அடிப்படை வசதி என்றும், அதை ஒருவருக்கு மறுக்க இயலாது என்றும் வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் ஒரு படி முன்னே சென்றன. ஒரே இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதை உரிமையாளர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கலாம். அந்த வாக்கெடுப்பை மின் விநியோக நிறுவனமே நடத்த வேண்டும். வீட்டு மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம், பொது இடப் பயன்பாடு ஆகியவற்றுக்குத் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

பெரும்பான்மையின் அதிகாரத்துக்கு வேறு வரம்புகளும் உண்டு. வளர்ப்பு நாய்களைத் தடை செய்யும் தீர்மானம், பெரும்பான்மையோர் விரும்பினாலும் செல்லாது என்று 2015-ம் ஆண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டை வாடகைக்கு விடுவோரிடம் கூட்டுறவுச் சங்கங்கள் பெறும் கட்டணம், சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2001-ல் வரையறுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2007-ல் அதை ஏற்றது. விதிகள் இருக்கின்றன, அவை மீறப்பட்டால் விரைந்து தடுக்கும் மன்றம்தான் இல்லை.

இதற்கு நாடாளுமன்றமே முழுத் தீர்வு காண்பது கடினம். சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. கூட்டுறவு தொடர்பான 97-வது திருத்தத்தில், மாநிலங்களுக்குள் இயங்கும் சங்கங்களுக்கான பகுதி, மாநிலப் பேரவைகளின் ஒப்புதல் பெறப்படாததால் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது நினைவுகூரத் தக்கது.

2023-ம் ஆண்டின் சமரசச் சட்டம், ஒரு வட்டாரத்தில் வசிப்போரின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமுதாய சமரச முறையை வகுத்தது. எனினும், இரு தரப்பும் இசைந்தாலே அது சாத்தியம். எட்டப்படும் உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஆணையின் வலுவும் கிடையாது. அவ்வாண்டு அக்டோபரில் முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் இம் முறை இடம்பெறவும் இல்லை.

ஆக, பொறுப்பு மாநில அரசுகளையே சார்கிறது. தனியொரு உரிமையாளரும் அணுகக்கூடிய, குறித்த நாள்களுக்குள் முடிவு கூறக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி மாவட்டந்தோறும் தேவை. நிலுவை வசூலுக்குச் சங்கத்துக்கு எளிய வழி தருவதும், அதற்கு ஈடாகக் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கத் தடை விதிப்பதும் ஒரே சட்டத்தில் இடம்பெற வேண்டும். தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் உறுப்பினர் முன் வைக்காத நிர்வாகிகள் பதவியில் நீடிக்கக் கூடாது. அடுக்குமாடி வாக்காளர்களின் எண்ணிக்கை பெருகிவரும் தலைநகர் வட்டாரத்தில், இக் கோரிக்கையை அரசியல் கட்சிகள் நெடுநாள் ஒதுக்கிவைக்க முடியாது.