ஆணையிடப் பழகிய நாவு

மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் கப்பர்நாகும் ஊரின் நூற்றுவர் தலைவரைச் சந்திக்கிறோம். தமது ஒரு சொல்லுக்கு நூறு வீரர் அசைவர் என்பதை அறிந்தவர் அவர். அத்தகையவர், முடக்குவாதத்தால் துன்புற்ற தம் பணியாளருக்காக இயேசுவின்முன் நின்று மன்றாடுகிறார். தமக்கென அவர் எதையும் கேட்கவில்லை. ஆணையிடப் பழகிய நாவு, எழுந்து வர இயலாத ஓர் எளியவருக்காகப் பரிந்து பேசியது. இத்தகையவரின் நம்பிக்கையைக் கண்டே இயேசு வியந்தார்.

இப்பகுதியை மலையகத்தில் இருந்துகொண்டு வாசிக்கும்போது, நம் நாட்டின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை நினையாதிருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. அதன் விளைவாக, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே இந்நிலையம் தோன்றியது. இராணுவத்தில் உயர்பதவி வகித்தோர் பலர் இதன் பணிப்பாளர் நாயகங்களாக விளங்கியுள்ளனர். 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தின்போது மேஜர் ஜெனரல் காமினி ஹெட்டியாரச்சியும், 2025இல் டித்வா சூறாவளியின்போது மேஜர் ஜெனரல் சம்பத் கொட்டுவேகொடவும் அப்பொறுப்பில் இருந்தனர். களத்தில் கட்டளையிட்டவர்கள், மக்களுக்கு ஆபத்தை முன்னறிவிக்கும் காவலாளிகளானார்கள்.

இது தகுமா எனக் கேட்போர் உண்டு. சீருடை என்றாலே அஞ்சி ஒடுங்கிய காலத்தை நம் மக்கள் இன்னும் மறந்துவிடவில்லை. ஆயினும் நேரந்தவறாமையும், நெருக்கடியில் நிலைகுலையாமையும், பிறருக்காக இரவில் விழித்திருத்தலும் படைவாழ்வு தரும் அரிய பயிற்சிகளே. டித்வா மீட்புப் பணியின்போது லுணுவிலையில் உலங்குவானூர்தி வீழ்ந்ததில் விமானப்படை விமானி ஒருவர் உயிர்நீத்தார். அத்தியாகத்தை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். எனவே துணிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறை வேறோரிடத்தில் உள்ளது.

படைமுகாமில் ஓர் ஆணை பிறந்தால், அதைக் கேட்கும் வீரருக்கு அம்மொழி தெரியும். செல்ல வேண்டிய இடமும் அவருக்குக் குறிக்கப்பட்டிருக்கும். லயத்தில் குழந்தைகளோடு உறங்கும் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இவ்விரண்டுமே உறுதியில்லை. அதனால் அவளை நோக்கிச் சொல்லப்படும் எச்சரிக்கை வெறும் ஆணையாக நின்றுவிடலாகாது.

முதலாவது, மொழி. 2025 நவம்பர் 28இல் டித்வா கரைகடந்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண்சரிவுகளே பேரழிவை விளைவித்தன. அந்நாட்களில் அவசர அறிவித்தல்கள் சில தமிழில் வெளிவரவில்லை என்றும், வந்தவையும் பிந்தி வந்தன என்றும் பலரும் சுட்டிக்காட்டினர். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. மலை சரியும் வேளையில் அச்சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் யாருக்குப் பயன்? தெளிவற்ற ஒலி எழுப்பும் எக்காளத்தால் போருக்கு ஆயத்தமாவோர் எவருமில்லை என்னும் கருத்தைப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். படையினருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, இடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். எங்கே செல்வது? குடியிருக்கும் அறையும் அதன் கீழுள்ள நிலமும் தனதல்லாத குடும்பத்துக்கு இக்கேள்வி மிகக் கொடியது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் ஆபத்து அறிவிக்கப்பட்டது. மக்கள் அங்கேயே இருந்தனர். 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடிற்று. புதிய வீடுகள் அதன் பிறகே எழுந்தன. எச்சரிக்கை விடப்பட்டது என்று கோப்பில் பதிந்துவிட்டால் கடமை முடிந்ததாகாது என்பதற்கு அந்த மண்ணே சாட்சி.

திருச்சபை நமக்குக் காட்டும் முன்னாள் படைவீரர் ஒருவர் உண்டு. அவர் தூர்ஸ் நகர் ஆயர் புனித மார்ட்டின். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வெட்டிக் கொடுத்ததை நாம் அறிவோம். அவரது பிற்கால வாழ்வை அறிந்தோர் சிலரே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், திரியர் நகரில் பேரரசன் மாக்சிமுஸ்முன் அவர் நின்றார். பிரிஸ்கில்லியான் என்பவரின் போதனையை மார்ட்டின் ஏற்கவில்லை. ஆனால் அவரது உயிருக்காக வாதாடினார். கொலைத்தண்டனை இராது என வாக்களிக்கப்பட்டது. மார்ட்டின் ஊர் திரும்பியபின் அவ்வாக்கு மீறப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, எஞ்சியோரைக் காக்க மீண்டும் அதே அரசனின் வாசலுக்குச் சென்றார்.

பரிந்து பேசுவது ஒருநாள் பணியன்று. வெள்ளம் வடிந்து, நிவாரணப் பொதி தீர்ந்து, செய்தியாளர் சென்றுவிட்டபின் தரப்பட்ட வாக்குறுதிகளை மீண்டும் மீண்டும் நினைவூட்டுபவரே உண்மையான துணையாளர். சீருடை களைந்து பொதுப்பணி ஏற்ற அதிகாரிகளிடம் நாம் கேட்பது இதுவே. அமைச்சரும் தோட்டக் கம்பனியும் உங்கள் சொல்லுக்குச் செவிசாய்ப்பர். சிங்கள அறிவித்தல் வெளியாகும் அதே நிமிடத்தில் தமிழிலும் அது வெளிவர வழிசெய்யுங்கள். அதில் தங்குமிடத்தின் பெயரும் இருக்கட்டும். ஆபத்தான லயங்களுக்கு ஈடாகக் காணி உறுதியுடன் வீடு கிடைக்கும்வரை அம்மக்களுக்காக வாதாடுங்கள்.

நம் பங்குக்கும் கடமையுண்டு. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வோர் அன்பியமும் கூடட்டும். மூன்று நிறங்களின் பொருளையும், நிலையத்தின் 117 என்னும் அவசர இலக்கத்தையும் சிறுவர்க்கும் கற்பிப்போம். மேல் லயத்தில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க இயலாதவர் யார் எனப் பெயர் குறித்து வைப்போம். நள்ளிரவில் அவர்கள் கதவைத் தட்டப் போகிறவர் யார் என்பதையும் அன்றே முடிவுசெய்வோம். ஆலயமும் பாடசாலையும் அவர்களுக்காகத் திறந்திருக்கட்டும்.